ரயில் டேங்கர் விபத்து: முதலில் போய்ச் சேருபவர்களுக்கு

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ரயில் டேங்கர் விபத்துகளை எதிர்கொள்ளும் பயிற்சிக்கு எங்கள் தீயணைப்பு நிலையத்திலிருந்து சிலரை அனுப்பவிருக்கிறார்கள். வீட்டுத் தீயையும் கிடங்குத் தீயையும் அணைத்துப் பழகிய எங்களுக்கு அதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

பதில்: ஊறிப்போன ஒரு பழக்கத்தை அடக்கக் கற்பதே முதல் பாடம். தீயைக் கண்டதும் குழாயோடு நெருங்குவது வீட்டுத் தீக்குப் பொருந்தும். உள்ளே என்ன சரக்கு என்று தெரியாமல் டேங்கரை நெருங்கினால், காப்பாற்றப் போனவர்களே முதலில் பலியாக நேரும். 1973 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிங்மன் நகரில், புரோப்பேன் என்ற எரிவாயுவை இறக்கிக்கொண்டிருந்த ரயில் டேங்கர் ஒன்றில் தீப்பற்றி, சிறிது நேரத்திலேயே அது வெடித்துச் சிதறியதில் தீயணைப்பு வீரர்கள் 11 பேர் இறந்தனர்.

எனவே நல்ல பயிற்சியில், தொலைவிலிருந்து பார்த்து அறிவதற்கே கணிசமான நேரம் ஒதுக்கப்படும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி மேடான இடத்தில் நின்று, டேங்கரின் பக்கவாட்டிலுள்ள அபாய அட்டையையும் அதிலுள்ள நான்கு இலக்க ஐ.நா. எண்ணையும் பைனாகுலரில் படிக்க வேண்டும். 1017 என்றால் குளோரின், 1005 என்றால் நீரற்ற அமோனியா, 1075 என்றால் எல்.பி.ஜி. அட்டை கருகிப் போயிருந்தாலும் டேங்கரின் அமைப்பைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். வட அமெரிக்க டேங்கர்களில் வால்வுகள் அனைத்தும் உச்சியில் ஒரே வட்டக் கவசத்துக்குள் அடங்கி, அடிப்பக்கம் வெறுமையாக இருந்தால், உள்ளிருப்பது பெரும்பாலும் அழுத்தத்தில் அடைத்த வாயுவாக இருக்கும். எந்த வேகனில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் ரயில் பணியாளர்களிடம் இருக்கும். அவர்களைத் தேடிப் பிடித்து அதைக் கேட்டு வாங்குவதையும் ஒத்திகையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எரியும் டேங்கரைத் தண்ணீரால் குளிர்வித்தால் வெடிப்பைத் தடுத்துவிடலாம் அல்லவா?

பதில்: தேவையான அளவு தண்ணீர், சரியான இடத்தில், தொடக்கத்திலேயே கிடைத்தால் தடுக்கலாம், மூன்றும் ஒருசேர அமைவது அரிது. திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியில் உலோகத்தின் சூட்டைத் திரவம் வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேலே, ஆவி மட்டும் நிறைந்திருக்கும் பகுதியில் தீச்சுவாலை பட்டால், சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லாததால் உலோகம் விரைவில் வலுவிழந்து, பாதுகாப்பு வால்வு அழுத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும்போதே கிழிந்துவிடக்கூடும். சுவாலை படும் ஒவ்வொரு இடத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 1,900 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் கணக்கு. அதையும் ஆள் பிடிக்காமல் நிறுத்தி வைக்கும் பீய்ச்சுகருவிகளால் செய்வதே நல்லது. வால்வின் சீறல் உரத்துக்கொண்டே போனாலோ டேங்கரின் நிறம் மாறினாலோ, எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே விலகிவிட வேண்டும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் பயன்படும் அவசரகாலக் கையேடு, எல்.பி.ஜி. டேங்கர் தீயில் சிக்கியிருந்தால் எல்லாத் திசைகளிலும் 1.6 கிலோமீட்டர் தூரம் ஆட்களை விலக்கச் சொல்கிறது.

கசிவை நிறுத்த வழியில்லாதபோது எரியும் வாயுவை அணைப்பதும் தவறு. எரியாமல் வெளியேறும் வாயு தாழ்வான இடங்களில் பரவி, வேறெங்கோ ஒரு பொறியைத் தேடிக்கொள்ளும். குளோரின் கசியும் துளையில் தண்ணீர் அடித்தாலோ, அங்கு உண்டாகும் அமிலம் உலோகத்தை அரித்துத் துளையைப் பெரிதாக்கிவிடும்.

கேள்வி: டேங்கர் தடம்புரண்டு கிடக்கிறது, ஆனால் தீயும் இல்லை, கசிவும் இல்லை என்றால் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொண்டதன் விளைவை 1978இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து வேவர்லி நகரம் அனுபவித்தது. பிப்ரவரி 22 அன்று அங்கே ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. கசிவு எதுவும் தென்படவில்லை. சிதைந்த பெட்டிகளை அகற்றும் வேலை நடந்தது. 24ஆம் தேதி, தடம்புரண்ட ஒரு டேங்கரிலிருந்த புரோப்பேனை வேறு டேங்கருக்கு மாற்ற ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தபோது, தடம்புரண்ட அந்த டேங்கர் வெடித்தது. காவல்துறைத் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் உட்பட 16 பேர் இறந்தனர். தடம்புரண்டபோது உலோகத்தில் விழுந்த சேதம் விரிசலாக நீண்டதே காரணம். இடையில் வெயில் ஏறியதும் உள்ளே அழுத்தம் கூடியிருந்தது.

இதனால்தான் உயர்நிலைப் பயிற்சியில், டேங்கரின் உடலில் விழுந்த நசுங்கலையும் கீறலையும் அளந்து மதிப்பிடக் கற்றுத் தருகிறார்கள். அகலமான, வளைவு மென்மையான நசுங்கலைவிடக் கூர்மையாக மடிந்த சிறு நசுங்கல் அபாயமானது. பற்றவைப்பு இணைப்பின் மீது ஓடும் கீறல் இன்னும் மோசமானது. இதைப் படத்தில் பார்த்துக் கற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொலராடோ மாநிலத்துப் ப்யூப்ளோவில், உண்மையான டேங்கர்களையே தடம்புரண்ட நிலையில் போட்டு வைத்துப் பயிற்சி தருகிறார்கள். உங்களை அனுப்பும் இடத்தில் ஒரு பழைய டேங்கராவது இருக்கிறதா, அதன் மேலேறி வால்வுக் கவசத்தைத் திறந்து பார்க்க விடுவார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலி டேங்கருக்கும் இவ்வளவு எச்சரிக்கை தேவையா?

பதில்: தேவை. சரக்கை இறக்கிய பிறகும் உள்ளே மிச்சமும் ஆவியும் இருக்கும். சுத்தம் செய்யும்வரை அபாய அட்டையை எடுக்கக் கூடாது என்பதே விதி. தீயில் சிக்கினால், திரவம் குறைவாக உள்ள டேங்கரில் குளிர்ச்சியின்றி நிற்கும் உலோகப் பரப்பும் அதிகம்.