பூமி கெட்டால் செவ்வாய்க்குப் போய்விடலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், "பூமி கெட்டுப்போனால் என்னப்பா, செவ்வாயில் போய்க் குடியேறிவிடுவோம்" என்கிறான். நிஜமாகவே மனிதன் விண்வெளியில் குடியேறுவானா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: போவான், தங்குவான், வேலை பார்ப்பான். ஆனால் குடியேறுவானா என்று கேட்டால், உங்கள் மகன் காலத்தில் நடக்காது என்பதுதான் என் பதில்.

உங்கள் மகன் ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்குப் போகவேண்டும் என்பது ஒன்று. அது நல்ல ஆசை, இருக்கட்டும். பூமி கெட்டால் பரவாயில்லை என்பது இன்னொன்று. அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மகன்மேல் இல்லை, அந்த எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் போட்டுவைத்த பெரியவர்கள்மேல்.

கூடாரம் அடித்து ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதைக் குடியேற்றம் என்று நாம் சொல்வதில்லை. விளைந்ததைச் சாப்பிட்டு, விதைக்கும் கொஞ்சம் எடுத்துவைக்க முடியவேண்டும். அங்கே பிறந்த பிள்ளை வளர்ந்து, அதுவும் ஒரு பிள்ளை பெறவேண்டும். அப்போதுதான் அது ஊர். சர்வதேச விண்வெளி நிலையம் 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. பெரிய சாதனைதான். ஆனால் அது நம் தலைக்கு மேலே 400 கிலோமீட்டரில் இருக்கிறது. சாப்பாடு இங்கிருந்து போகிறது. உடம்புக்கு முடியாவிட்டால் சில மணி நேரத்தில் தரையிறங்கிவிடலாம்.

வெளியிலிருந்து எதுவும் வராமல் மனிதர்கள் வாழ முடியுமா என்று ஒருமுறை பூமியிலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் ஒரு மாபெரும் கண்ணாடிக் கூடம். பெயர் பயோஸ்பியர் 2. பயோஸ்பியர் என்றால் உயிர்க்கோளம். முதலாவது பயோஸ்பியர் நம் பூமி என்பதால் அந்த 2. உள்ளே ஒரு சிறு மழைக்காடு, குட்டிக் கடல், வயல், ஆடு, கோழி, பன்றி எல்லாம் உண்டு. 15 கோடி டாலருக்கு மேல் செலவு. 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள், இரண்டு ஆண்டுகளுக்கு.

சில வாரங்களிலேயே ஒரு பெண்ணுக்குத் தானியம் அடிக்கும் இயந்திரத்தில் விரல் நுனி துண்டாகிவிட்டது. வெளியே அழைத்துப்போய் அறுவை சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். செவ்வாயிலிருந்து பூமிக்கு ஆறேழு மாதப் பயணம். அதுவும் நினைத்த நாளில் கிளம்ப முடியாது. இரண்டு கோள்களும் வசதியாக வந்து நிற்பது 26 மாதத்துக்கு ஒருமுறைதான்.

அப்புறம் பசி. நாள் முழுக்க வயலில் உழைத்தும் வயிறு நிறையவில்லை. எட்டு பேருமே இளைத்தார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று தோலே ஆரஞ்சு நிறமாக மாறிய கதையை அவர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒரு பீட்ஸா செய்ய நான்கு மாதம் ஆனதாம். கோதுமையை விதைத்து, அறுத்து, அரைத்து, ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்து என்றால் ஆகத்தானே செய்யும்!

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது காற்றில் நடந்தது. உள்ளே 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பதினாறு மாதத்தில் 14 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது, தூக்கம் கெட்டது. எங்கே போகிறது என்று யாருக்கும் புரியவில்லை. தேடிப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. பயிர் செழிக்கட்டும் என்று மண்ணில் நிறைய மக்கு உரம் சேர்த்திருந்தார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விட்டன. அந்த வாயு முழுவதும் செடிகளுக்குத் திரும்பியிருந்தால் ஆக்சிஜன் மறுபடி வந்திருக்கும். ஆனால் அதில் ஒரு பங்கைக் கட்டடத்தின் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாக்கி வைத்துக்கொண்டன. உலகத்தின் நல்ல மூளைகள் உட்கார்ந்து திட்டமிட்ட கூடத்தில், கொத்தனார் பூசிய சுவர் மூச்சுக்காற்றைப் பிடித்துவைக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளில் பெரும்பாலானவை செத்துப்போக, எறும்பும் கரப்பானும் பெருகின. எட்டு பேரும் நாலுக்கு நாலாகப் பிரிந்து முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள்.

இந்தச் சோதனையைத் தோல்வி என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். நமக்கு என்ன தெரியாது என்பதை அந்த எட்டு பேர் தங்கள் உடம்பை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் சுவருக்கு வெளியே நல்ல காற்று இருந்தது, வெயில் இருந்தது, உடம்பு பழகிய ஈர்ப்பு விசை இருந்தது.

செவ்வாயில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றிலும் 95 சதவீதம் கரியமில வாயு. மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு கலந்திருப்பதை 2008-இல் பீனிக்ஸ் கலம் கண்டது. அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்க முடியும் என்பதைப் பெர்செவரன்ஸ் ஊர்தியில் போன மோக்ஸி என்ற சிறு கருவி காட்டியது உண்மை, மகிழ்ச்சியான உண்மை. 2021 முதல் 2023 வரை அது எடுத்தது மொத்தம் 122 கிராம். ஒரு ஆள் நாலு மணி நேரம் மூச்சுவிட அது பற்றாது. சோதனைக் கருவிதான், பெரிதாகச் செய்யலாம். செய்வார்கள் என்று நானும் நம்புகிறேன்.

பிள்ளைப்பேறு விஷயத்தில்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விண்வெளியில் இதுவரை ஒரு மனிதக் குழந்தை பிறந்ததில்லை. ஈர்ப்பு விசை இல்லாத இடத்தில், வளர்ந்த ஆட்களுக்கே உடற்பயிற்சி குறைந்தால் இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம் கரைகிறது. செவ்வாயின் ஈர்ப்பு இங்கே உள்ளதில் 38 சதவீதம். அதில் ஒரு கரு எப்படி வளரும், அந்தக் குழந்தையின் எலும்பும் இதயமும் எப்படி உருவாகும் என்று உலகத்தில் எந்த மருத்துவராலும் இன்று சொல்ல முடியாது. பத்து லட்சம் பேருக்குச் செவ்வாயில் நகரம் என்று எலான் மஸ்க் பேசுகிறார். விருப்பப்பட்டுப் போகிற பெரியவர்கள் போகட்டும். அங்கே பிறக்கப்போகும் பிள்ளையின் சம்மதத்தை யாரிடம் கேட்பது?

என் கணிப்பு, அண்டார்டிகா மாதிரி நடக்கும். அங்கே நம் நாட்டின் மைத்ரி ஆராய்ச்சி நிலையம் 1989-இல் தொடங்கியது. ஒரு குழு போகும், குளிர்காலத்தைக் கழிக்கும், வேறு குழு வந்ததும் ஊர் திரும்பும். அண்டார்டிகாவில் காற்று இருக்கிறது, தண்ணீர் பனிக்கட்டியாகக் குவிந்து கிடக்கிறது, அப்படியும் யாரும் அங்கே வயல் போட்டு வம்சம் வளர்க்கவில்லை. நிலவிலும் பிறகு செவ்வாயிலும் அப்படி முகாம்கள் வரும், வரவேண்டும்.

பூமி கெட்டால் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி டைனோசர்கள் அழிந்த அந்த மோசமான வருடத்திலும் இங்கே சின்னஞ்சிறு பாலூட்டிகள் பிழைத்தன. அவற்றின் வழியில் வந்தவர்கள்தான் நாம். அன்றைய பூமியைக் கொண்டுபோய் இன்றைய செவ்வாயின் பக்கத்தில் வைத்தாலும் பூமிதான் குடியிருக்கத் தகுந்த இடம்.

உங்கள் மகனுக்கு ஆர்வம் இருந்தால் அந்த அரிசோனா கூடத்தைப் பற்றியே மேலும் படிக்கச் சொல்லுங்கள். இப்போது அது அரிசோனா பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. அந்த எட்டு பேர் பயிர் செய்த இடத்தில், பொடித்த எரிமலைக் கல்லை முப்பது மீட்டர் நீளத்துக்கு மூன்று சரிவுகளாகப் பரப்பி, மழைபோலத் தண்ணீர் தெளிக்கிறார்கள். வெறும் கல் எப்படி உயிருள்ள மண்ணாக மாறுகிறது என்று பல ஆண்டுகளாகக் காத்திருந்து பார்க்கிறார்கள். செவ்வாயில் கிடப்பதும் பெரும்பாலும் அதே வகைக் கல்தான்.