டபிள்யூஇ14-க்கு டி செல்கள் ஏன் மந்தமாக வினைபுரிகின்றன?

தானாகவே முதல் வகை நீரிழிவு வரும் என்ஓடி எலியின் பிடிசி-2.5 டி செல்கள் (இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லைத் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) டபிள்யூஇ14 என்ற பெப்டைடுக்கு, அதாவது சிறு புரதத்துண்டுக்கு, அதிகச் செறிவில்தான், அதுவும் மந்தமாக வினைபுரிகின்றன என்றால், அந்தப் பெப்டைடைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அவை தேடுவது அதன் மாற்றுருவை.

பீட்டா செல்லின் சுரப்புத் துகள்களில், இன்சுலின் உருவாகும்போது வெட்டுப்படும் சி-பெப்டைடின் துண்டு ஒன்று, குரோமோகிரானின் ஏ என்ற புரதத்திலிருந்து வெட்டுப்பட்ட டபிள்யூஇ14-இன் முனையோடு இணைந்து கலப்பினப் பெப்டைடாகிறது என்பது 2016-இல் வெளியானது. எந்த மரபணுவிலும் நேரடியாக எழுதப்படாத இத்தொடர், டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் காட்டப்படாமல் போகலாம் என்பதால், அதை அடையாளம் காணும் டி செல்கள் அங்கே களையப்படாமல் தப்பிவிடக்கூடும்.

டபிள்யூஇ14, கலப்பினப் பெப்டைடு ஆகிய இரண்டையும் ஒரே தட்டின் அடுத்தடுத்த குழிகளில், நானோமோலார் அளவிலிருந்து படிப்படியாக உயர்த்தி, டி செல்கள் வினைபுரியும்போது சுரக்கும் காமா இன்டர்ஃபெரானை அளந்து பாருங்கள்.

வினை வலுத்தாலும் அதையே நோயின் தொடக்கமென்று எழுதிவிடாதீர்கள் (ஆய்வேடுகளில் இந்த அவசரம் அதிகம்). அழற்சி தொடங்கிய பிறகும் புரதங்களில் இத்தகைய மாற்றங்கள் பெருகக்கூடும்.