எட்டாம் எண் திரஸ்டர்

மதிப்பிற்குரிய ஐயா,

நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பற்றி என் மகள் பள்ளியில் பேசப்போகிறாள். நிலவில் முதல் ஆளாக இறங்கக் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம்தானே? அங்கே கொடி அசைவது எப்படி என்றும் கேட்கிறாள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடியின் மேல்விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி. அது முழுதாக நீளவில்லை, துணி சுருங்கி நின்றது. அவ்வளவுதான். நிலவில் இறங்கிய கலத்தின் கதவு, உடன் சென்ற ஆல்ட்ரின் நின்ற பக்கமாக உள்ளே திறக்கும். அதனால் ஆர்ம்ஸ்ட்ராங் முதலில் இறங்குவதே வசதி. இதுவும் போகட்டும்.

ஆனால் 'அதிர்ஷ்டம்' என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, அதை விடமாட்டேன். 1966 மார்ச் 16 அன்று நடந்ததைப் படித்திருந்தால் அந்தச் சொல் உங்கள் பேனாவில் வந்திருக்காது.

அன்றுதான் விண்வெளியில் இரு கலங்கள் முதன்முதலாக இணைந்தன. ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் இருந்த ஜெமினி 8, ஆளில்லாத அஜீனாவுடன் சேர்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கலம் தானாக உருளத் தொடங்கியது. அஜீனாவில் கோளாறு வரலாம், வந்தால் அதை அணைத்துவிடுங்கள் என்று தரையிலிருந்து முன்பே சொல்லியிருந்தார்கள். அணைத்தார்கள். சற்று அடங்கியது, மறுபடி உருண்டது. அப்போது ஜெமினியின் எரிபொருள் முள் 30 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அப்படியென்றால் ஜெமினியின் திரஸ்டர், அதாவது கலத்தைத் திருப்பும் சிறு உந்துபொறி, ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. நோய் வேறு வீட்டில் இல்லை, தங்கள் வீட்டில்தான்!

அஜீனாவைக் கழற்றிவிட்டார்கள். நிலைமை இன்னும் மோசமானது. ஏன்? அதே உந்துதல், ஆனால் தள்ளவேண்டிய எடை குறைந்துவிட்டது. நொடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று. கண் மங்கி, மீட்டர்களைப் படிக்க முடியாத நிலை. ஆர்ம்ஸ்ட்ராங் முதன்மைத் திரஸ்டர்கள் அத்தனையையும் நிறுத்தினார். பூமிக்குத் திரும்புவதற்கென்று மூக்குப்பகுதியில் வைத்திருந்த திரஸ்டர்களைக் கொண்டு சுழற்சியை அடக்கினார். அதிலேயே அவற்றின் எரிபொருளில் முக்கால் பங்கு தீர்ந்தது. பிறகு நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எட்டாம் எண் அணையாமல் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். அதன்பின் வந்த கலங்களில் ஒவ்வொரு திரஸ்டருக்கும் தனி மின்சுற்று வைத்தார்கள்.

திரும்புவதற்கான திரஸ்டர்களைத் தொட்டுவிட்டால் உடனே இறங்கவேண்டும் என்பது விதி. கிளம்பிய 10 மணி 41 நிமிட நேரத்தில் பசிபிக்கில் விழுந்தார்கள். ஸ்காட்டின் விண்நடை போயிற்று, பாவம். ஆனாலும் கழற்றுவதற்கு முன், அந்தச் சுழற்சியிலும், அஜீனாவின் கட்டுப்பாட்டைத் தரைக்கு மாற்றிவிட்டிருந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஜெமினி 10 தேடிப்போனது இந்த அஜீனாவைத்தான். அதன்மேலிருந்த சோதனைப் பெட்டியைக் கழற்றி எடுத்துவந்தவர் மைக்கேல் காலின்ஸ். மூன்று ஆண்டு கழித்து ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் நின்றபோது மேலே சுற்றிக்கொண்டிருந்தாரே, அவரேதான். குழந்தையிடம் இதையும் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.