பேய்க் கதை படிக்கிற பிள்ளையைத் தடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பேய், மந்திரம், மாய உலகம் என்று இந்தக் கதைகளையே படிக்கிறாள். ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. நிறுத்திவிடட்டுமா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்தின் கதையைப் போர்வைக்குள் முடங்கிக்கொண்டு, பயந்துகொண்டே "அப்புறம் என்ன ஆச்சு" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமும்? தூக்கம் கெடுகிறது என்றால் பேய்க் கதையைப் பகலுக்கு மாற்றுங்கள், ராத்திரிக்கு மாயக் கதை போதும். ரத்தமும் கொலையுமாக இருப்பதை மட்டும் முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள்.

சரி, அவளையே ஒரு கதை எழுதச் சொல்லிப் பாருங்களேன். உங்கள் பக்கத்துக் கடலில் இல்லாததா? மன்னார் வளைகுடாவில் ஆள் குடியிருக்காத தீவுகள், கடற்புல் மேய்கிற ஆவுளியா என்கிற கடல்பசு, அதைத் தூரத்தில் பார்த்த மாலுமிகள்தான் கடல்கன்னிக் கதையைக் கட்டினார்கள் என்று சொல்வதும் உண்டு, இதை வைத்தே ஒரு மாய உலகத்தைக் கட்டிவிடலாம்.

தனுஷ்கோடியில் மட்டும் கவனம் வேண்டும். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடும் வீடுகளோடும் போனவர்கள் நிஜ மனிதர்கள், அவர்களின் சொந்தபந்தங்கள் இன்னும் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள். அதை வெறும் பேய் ஊர் என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைப் பற்றி எழுத ஆசைப்பட்டால், அந்தப் புயலைப் பார்த்த பெரியவர் யாரிடமாவது உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதட்டும்.