குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை என்றால்

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள். போனில் பேசினால் 'ம்' என்பதோடு சரி. குழந்தையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். மாமியார், 'பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும்' என்கிறார். இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

"குழந்தையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள்" என்ற வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் தங்கை விஷயத்தில் எங்கள் எல்லார் கண்ணையும் மறைத்தது அதுதான்.

மனச்சோர்வு என்றால் ஓயாமல் அழுவாள், குழந்தையைத் தொடமாட்டாள் என்று நினைத்திருந்தோம். அவள் அழவே இல்லை. எத்தனை மணிக்குப் பால் கொடுத்தாள், எத்தனை தடவை துணி மாற்றினாள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். பார்க்க வந்தவர்கள் "என்ன பொறுப்பு பாரு" என்று மெச்சினார்கள். நானும் மெச்சினேன். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். தூளியில் பிள்ளை அயர்ந்து தூங்குகிறான். இவள் கீழே உட்கார்ந்து, தூளித் துணியில் கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "படுடி" என்றேன். "தூக்கம் வந்தாத்தானேக்கா" என்றாள். அப்புறம், என் முகத்தைப் பார்க்காமலே, "இவன் வேற யார்கிட்டயாவது இருந்தா நல்லா வளருவான்" என்றாள். அன்றைக்குக் குழந்தை பிறந்து நாற்பதாவது நாள்.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை பொங்குவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. அது இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் பேச்சு சுருங்கி, பசி போய், குழந்தை தூங்கும்போதுகூடத் தூங்க முடியாமல், எதற்கெடுத்தாலும் 'என்னால்தான்' என்று ஒருத்தி இருந்தால் பச்சை உடம்பு என்று தள்ளிவிடக் கூடாது. இது அபூர்வமான நோயும் இல்லை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்த கணக்கு, பிள்ளை பெற்றவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இது வருகிறது என்றது. ஐந்தில் ஒருத்தி. நம் வீட்டில் இருக்காது என்று எப்படி நினைத்தோம் என்று இன்றும் எனக்கு வருத்தம்தான்.

மனநல மருத்துவரிடம் போனபோது முதலில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-ல் உருவாக்கியது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்தே கேள்விகள். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்க நான் பயந்துகொண்டிருந்தேன், கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று. அப்படி ஆகாது, கேட்டால் பாரம்தான் குறையும் என்றார் டாக்டர். 'சில நேரங்களில்' என்ற இடத்தில் அவள் டிக் போட்டிருந்தாள். ஒரே வீட்டில் நாற்பது நாள் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போனில் கேட்காதீர்கள். நேரில் போய், அறையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இதே மாதிரி ஆளைச் சோர்த்துவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். மாத்திரை என்றதும் அம்மா, "பால் கொடுக்கிறவளுக்கு மாத்திரையா?" என்று பதறினார். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, செர்ட்ரலின் அதில் ஒன்று. எது, எவ்வளவு என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நடுவில் நாமாக நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் நாங்கள் செய்த பெரிய காரியம், ராத்திரியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டதுதான். பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுக்கச் சொன்னோம். அடுத்த வேளைக்கு எடுத்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுக்க மாப்பிள்ளை கற்றுக்கொண்டார். லீவு போட்டு மூன்று வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கினார். தெருவில் பேசினார்கள்தான், பேசட்டும் என்று விட்டுவிட்டோம். "பால் பத்தலையா? பிள்ளை இளைச்சிருக்கே" என்று கேட்க வருகிறவர்களை அம்மா வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த மாதிரிக் கேள்வி ஒவ்வொன்றும் தங்கையை எப்படிக் குத்தியது என்று பிறகுதான் சொன்னாள். "எல்லாருந்தான் பெத்துக்கறாங்க" என்பதும் "உனக்கு என்ன குறை?" என்பதும் அப்படித்தான். தயவுசெய்து சொல்லாதீர்கள், மற்றவர்களையும் சொல்லவிடாதீர்கள்.

இன்னொன்று, இது வேறு வகை. காதில் குரல் கேட்கிறது என்கிறாள், வீட்டார் மேலேயே சந்தேகப்படுகிறாள், நாள்கணக்கில் தூங்காமல் துறுதுறுவென்று இருக்கிறாள், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள் என்றால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருவது. காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நாளைக் கடத்துவதை நானே பார்த்திருக்கிறேன். அது அவசர சிகிச்சை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டாக்டரிடம் போகத் தயங்கினால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நீங்களும் கூப்பிடலாம், அவள்தான் பேச வேண்டும் என்று இல்லை. அடுத்த வாரம் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி வரும். எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். நீங்களும் கூடப் போங்கள். ஊசி போட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடாமல், அம்மாவையும் பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள்.