எம்.பி.க்கள் கைவிட்டார்கள், தொண்டர்கள் விடவில்லை

கேள்வி: சொந்தக் கட்சி எம்.பி.க்களே வேண்டாம் என்று சொன்ன ஜெரமி கோர்பினை, பிரிட்டன் தொழிற்கட்சித் தொண்டர்கள் மட்டும் ஏன் அப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆள் மாறவே இல்லை, அதனால்தான். 1983 முதல் லண்டனில் இஸ்லிங்டன் வடக்குத் தொகுதியின் எம்.பி. தொழிற்கட்சிப் பிரதமர்களான டோனி பிளேர், கார்டன் பிரௌன் ஆட்சிக் காலத்தில் சொந்தக் கட்சியின் கொறடா உத்தரவை மீறி 400 தடவைக்கு மேல் ஓட்டுப் போட்டவர். பிளேர் அரசு இறங்கிய இராக் போரை எதிர்த்துத் தெருவில் நின்றவர். அந்தப் போரால் மனம் வெறுத்து ஒதுங்கியிருந்த தொழிற்கட்சிக்காரர்களுக்கு 'இவர் நம்ம ஆள்' என்று தோன்றியதில் ஆச்சரியமே இல்லை.

2015 தேர்தலில் கட்சி தோற்று, தலைவர் எட் மிலிபேண்ட் விலகினார். தலைவர் பதவிக்குப் போட்டியிட அப்போது 35 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டியிருந்தது. ஜூன் 15 நண்பகலோடு கெடு முடிகிறது. கடைசி நிமிடங்களில்தான் கோர்பினுக்கு எண்ணிக்கை தேறியது, 36 பேர். அவர்களிலும் சிலர், விவாதத்தில் ஓர் இடதுசாரிக் குரலும் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள்தான். அவர் ஜெயிப்பார் என்று நினைக்கவே இல்லை. ஆனால் 2014-லேயே விதி மாறியிருந்தது. முன்பு தலைவர் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு பலம் எம்.பி.க்கள் கையில் இருந்தது. அது போய் ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வந்தது. 3 பவுண்டு கட்டினால் உறுப்பினர் அல்லாதவரும் ஆதரவாளராகப் பதிந்து ஓட்டுப் போடலாம் என்று 2015-ல் இருந்தது.

அந்த ஆகஸ்டில் லண்டன் கேம்டனில் நடந்த கூட்டத்தில் அரங்கு நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக, தீயணைப்புத் தொழிலாளர் சங்கத்தின் வண்டி மேல் ஏறி நின்று பேசினார் கோர்பின். அப்போது அவருக்கு 66 வயது. செப்டம்பரில் 59.5 சதவீத ஓட்டோடு தலைவரானார்.

அடுத்த ஆண்டு ஜூனில் எம்.பி.க்கள் 172-க்கு 40 என்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அவர் விலகவில்லை. மறுபடி தலைவர் தேர்தல் வந்தது, தொண்டர்கள் 61.8 சதவீதம் கொடுத்தார்கள், முன்பைவிட அதிகம்! கட்சி உறுப்பினர் எண்ணிக்கையும் சுமார் 2 லட்சத்திலிருந்து 5 லட்சத்தைத் தாண்டியது. எம்.பி.க்கள் அடிக்க அடிக்க, அடி தங்கள் மேலேயே விழுவதாகத் தொண்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை விவரம் தெரியாத கூட்டமாக நினைத்தது எம்.பி.க்கள் செய்த பெரிய தவறு என்பேன்.

கேள்வி: அவ்வளவு செல்வாக்கு இருந்தும் 2019-ல் ஏன் தோற்றார்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கட்சி வேறு, நாடு வேறு. 2017-ல் 40 சதவீத ஓட்டும் 262 இடங்களும் வாங்கி, கன்சர்வேடிவ் பிரதமர் தெரசா மேயின் பெரும்பான்மையைப் பறித்தபோது இந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. அப்புறம் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறும் விவகாரம், குறுக்கே வந்தது. பெரும்பாலான கட்சி உறுப்பினர்கள் ஒன்றியத்தில் நீடிக்க விரும்பினார்கள். வடக்கு இங்கிலாந்தின் பழைய சுரங்கத் தொழிலாளர் ஊர்களோ வெளியேற ஓட்டுப் போட்டிருந்தன. மறு வாக்கெடுப்பு என்று கட்சி சொன்னதும் அந்த ஊர்கள் கைவிட்டுப் போயின. பிளேரின் பழைய தொகுதியான செட்ஜ்ஃபீல்டும் கன்சர்வேடிவ் கைக்குப் போனது. மொத்தம் 202 இடங்கள். 1935-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை.

யூத வெறுப்புப் புகார்களையும் ஒதுக்கிவிட முடியாது. அவர் தலைமையில் கட்சி சட்டத்தை மீறியதாக 2020-ல் சமத்துவ, மனித உரிமை ஆணையமே சொன்னது. அவரை நேசித்தவர்கள் இதையெல்லாம் வெறும் பத்திரிகைச் சதி என்று தள்ளியது எனக்கு ஏற்புடையதல்ல. தலைவர் மேல் உரிமை உள்ளவர்கள்தான் அதை அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: இப்போது அவருக்கு ஆதரவு இருக்கிறதா?
– வாசகர், ஈரோடு

பதில்: கட்சி சீட் தரவில்லை. 2024-ல் அதே இஸ்லிங்டன் வடக்கில் சுயேச்சையாக நின்று, தொழிற்கட்சி வேட்பாளரை 7,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். நாடு முழுக்க அக்கட்சி அமோகமாக ஜெயித்த அதே தேர்தலில்!