பாஸ் ரீவ்ஸாக மேடையேறி 40 நிமிடம் பேசுவது எப்படி?

கேள்வி: அமெரிக்க மேற்கில் சட்டக்காவலராக இருந்த பாஸ் ரீவ்ஸ் போலவே உடுத்தி, அவர் குரலில் 40 நிமிட 'வாழும் வரலாறு' உரை நிகழ்த்த வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? துப்பாக்கி வேண்டுமா?

துப்பாக்கியைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது தேதி. ரீவ்ஸ் எந்த நாளில் நின்று பேசுகிறார்? அது தெளிவாக இல்லாவிட்டால், பின்னால் நடந்ததெல்லாம் அவர் வாயில் வந்துவிடும்.

என் தேர்வு 1908, ஒக்லஹோமாவின் மஸ்கோகி நகரம். 1838-இல் ஆர்கன்சாவில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது தப்பி, பிற்பாடு ஒக்லஹோமாவின் பகுதியான பழங்குடியினர் நிலமான இந்தியன் டெரிட்டரிக்குள் போனவர். 1875 முதல் ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் நீதிபதி ஐசக் பார்க்கரின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குத் துணை மார்ஷல், அதாவது வாரண்டோடு போய்க் குற்றவாளிகளைப் பிடித்து வருபவர். 1907 நவம்பர் 16-இல் ஒக்லஹோமா மாநிலமானதும் அந்த வேலை போய், கிட்டத்தட்ட 70 வயதில் நகரக் காவலர் ஆனார். புதிய மாநிலத்தின் முதல் சட்டமே ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப்பெட்டி. 32 வருஷம் வெள்ளையரையும் கைது செய்து கொண்டுவந்த மனிதர் இனி அந்தப் பெட்டியில்தான் ஏற வேண்டும். உரையின் கனம் இங்கேதான் இருக்கிறது. 1902-இல் சொந்த மகன் பென்னி அவன் மனைவியைக் கொன்றபோது, அவனைப் பிடிக்கும் வாரண்டைத் தானே கேட்டு வாங்கிப் போனதையும் இந்த வயதில் அவர் திரும்பிப் பார்த்துச் சொல்லலாம். அந்த இடத்தில் குரலை உயர்த்தாதீர்கள்.

கையில் இருக்க வேண்டிய பொருள் வாரண்ட். ரீவ்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினால், எந்தத் தாள் யாருக்கு என்று மனதில் பதித்துக்கொள்வார். இதை மேடையில் செய்தே காட்டலாம். ஐந்து தாள்களைப் பார்வையாளர்களிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி வாங்கி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு பெயரைச் சொல்லச் சொல்லி, அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள். எல்லாத் தாளையும் ஒரே எழுத்துருவில் அச்சடித்தால் இது சொதப்பிவிடும். படிவம் அச்சாக இருக்கட்டும். பெயரையும் குற்றத்தையும் (திருட்டு, விஸ்கி கடத்தல்) வேறு வேறு கையெழுத்தில் நிரப்புங்கள். வரிகளைப் படிக்காமல், எழுத்தின் உருவத்தை வைத்தே அடையாளம் கண்டு பழகுங்கள்.

அடுத்தது பணம். துணை மார்ஷலுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயணத்துக்கு மைலுக்கு 6 சென்ட், கைதுக்கு 2 டாலர் என்ற கணக்கு. அதிலும் ஒரு பங்கு மேலதிகாரியான மார்ஷலுக்குப் போகும். ஆள் செத்துவிட்டால் கைதுக் கூலி இல்லை. உயிரோடு கொண்டுவந்தால்தான் காசு என்பது புரிந்ததும், சினிமாத்தனமான துப்பாக்கிச் சண்டை தானாகவே பின்னுக்குப் போகும். சமையல்காரர், துணைக்கு ஓர் ஆள், கைதிகளைச் சங்கிலியால் பிணைத்து ஏற்றிவரும் வண்டி என்று ஊர்வலம் போலத்தான் கிளம்புவார்கள். தன் சமையல்காரரையே சுட்டுக் கொன்றதாக ரீவ்ஸ் மீது வழக்கு நடந்து, 1887-இல் விடுதலையானார். அதை மறைக்காதீர்கள்.

உடைக்கு அகலத் தொப்பி, கோட், பெரிய மீசை போதும். தொடையில் தாழக் கட்டிய உறை சினிமா பாணி, வேண்டாம். துப்பாக்கி அவசியம் என்று நினைத்தால் சுடவே முடியாத மாதிரித் துப்பாக்கி மட்டும், உறையிலேயே இருக்கட்டும்; பள்ளிக்கூடம் என்றால் அதுவும் வேண்டாம். நீங்கள் கறுப்பினத்தவர் இல்லையென்றால் முகத்தில் மை பூசும் எண்ணமே கூடாது. வாரண்டைப் படித்துக் காட்டும் நீதிமன்ற எழுத்தராக நின்று ரீவ்ஸைப் பற்றிச் சொல்லுங்கள்; அதுவும் நன்றாகவே எடுபடும்.

25 நிமிடப் பேச்சுக்கு 2,000 சொல்லைத் தாண்டாதீர்கள். பிறகு 10 நிமிடம் பார்வையாளர் கேள்விகளுக்குப் பாத்திரமாகவே பதில். கடைசி 5 நிமிடம் தொப்பியைக் கழற்றிவிட்டு நீங்களாகப் பேசுங்கள். 'லோன் ரேஞ்சர் (வானொலித் தொடரின் முகமூடி நாயகன்) இவர்தானா?' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்பதைத் தொப்பி கழற்றிய பிறகுதான் சொல்ல முடியும். 1910-இல் இறந்தவருக்கு 1933-இல் தொடங்கிய வானொலித் தொடர் தெரிய வழியில்லை. 3,000 கைதுகள் என்பதும் அக்காலப் பத்திரிகைகள் சொன்ன எண்தான், அப்படியே சொல்லிவிடுங்கள்.